அப்பாவின் பாட்டு நோட்டு

கோலார் தங்கவயலைப் பற்றி நம் துறைகளில் எழுதுபவர்கள் பெரும்பாலும் மூன்று வாசல்களில் ஒன்றின் வழியாகவே அந்த ஊருக்குள் நுழைகிறார்கள். வரலாற்றுத்துறையினருக்குத் தங்கமும் ஜான் டெய்லர் கம்பெனியும். சமூகவியலாளர்களுக்குத் தொழிற்சங்கமும் சாதியும். தமிழ்த்துறையினருக்கு அயோத்திதாசரும் மாரிகுப்பத்தில் இயங்கிய சாக்கிய பௌத்த சங்கமும். 2018க்குப் பிறகு நான்காவதாகத் திரைப்படம் திறந்துவிட்ட வாசலும் இருக்கிறது. ஊர்ப்பெயரைச் சொன்னால் விடுதி நண்பர்கள் சுத்தியலை ஓங்குவதுபோல் கையை உயர்த்திக் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டுக்குள் தங்கவயல் என்றால் இவை எதுவுமில்லை. எங்கள் வீட்டில் தங்கவயல் என்றால் அப்பா கேட்டு வளர்ந்த பாட்டு. ஓராண்டுக்கும் மேலாக அதைப் பற்றி எழுதவேண்டும் என்று எண்ணி வந்தேன். நீளமாகப் போகும், பொறுத்தருள வேண்டும்.

அப்பா 1959இல் சாம்பியன் ரீஃபில் ஒரு லைன் வீட்டில் பிறந்தவர். வட ஆற்காட்டிலிருந்து தாத்தாவின் அப்பா வேலைக்கு வந்து சேர்ந்த குடும்பம். லைன் வீடு என்பது ஓர் அறை, ஓர் அடுப்படி. பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் இருந்தது தட்டி. சுவர் என்று அதைச் சொல்லமுடியாது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கிய சுரங்கத்தில் தாத்தா வேலை செய்தார். வேலை ஷிஃப்ட் முறையில் சுழலும். இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர் பகலில் உறங்கவேண்டும். அந்த ஓரறையில் மற்ற ஆறு பேரும் ஓசையின்றி வாழவேண்டும். வானொலியை அணைத்துவிட அப்பாவுக்கு மனமில்லை. ஒலியை மிகமிகக் குறைத்து, பெட்டியின் துணிமுகப்பில் காதை ஒட்டிவைத்துக் கேட்பாராம். பாட்டுக்கு இணையாகத் தானும் பாடவேண்டும். ஆனால் தாத்தா விழித்துவிடக்கூடாது. அப்பாவின் குரல் கடைசிவரை மென்மையாகவே இருந்ததற்கு நான் அறிந்த காரணம் இதுதான். ஊர்க்காரர் சிலர் அவரை ஏதோ சங்கீதம் கற்றவர் என்று நினைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்து வானொலிக்கு உரிமம் வேண்டும். தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்கவேண்டும். எங்கள் லைனில் எல்லோரும் உரிமம் வைத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆய்வாளர் வருகிறார் என்ற செய்தி தட்டிக்குத் தட்டி தாவி வந்ததும் வானொலிப்பெட்டிகள் அரிசிப்பானைக்குள் புகுந்துகொள்ளும் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதற்குப் பின்னால் ஓர் அரசியல் வரலாறு உண்டு. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரையிசையை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறத்தாழ விரட்டினார். சாஸ்திரிய இசையால் குடிமக்களின் ரசனையை உயர்த்திவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. குடிமக்கள் முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போய்விட்டார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டபோது அந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது. அப்பாவின் பதின்மவயதில் எங்கள் லைனில் இலங்கை இரண்டு மொழிகளில் வந்தது. தமிழ் ஒலிபரப்பில் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும்; புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு இந்தியில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா. சிற்றலை ஒலி கடலலைபோல் ஏறி இறங்கும். பாட்டின் நடுவில் ஒரு வரி காணாமல் போகும். அடுத்த வாரம் அதே பாட்டு வரும்போது வேறொரு வரி காணாமல் போகும். இரண்டையும் சேர்த்து முழுப்பாட்டை உருவாக்குவது அப்பாவின் வேலை. பாடபேதங்களை ஒப்பிட்டு மூலத்தை மீட்கும் பதிப்பாசிரியர்களின் முறை இதுவேதான் என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். “உங்க ஆளுங்களுக்குச் சம்பளம் உண்டு இல்ல?” என்று கேட்டார்.

பல மொழிகள் ஒரே தெருவில் புழங்கிய ஊர் அது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கும் உருதும், அலுவலகத் தாள்களில் ஆங்கிலம், பின்னர் கன்னடம். ஆனால் தெருவைவிடப் பாட்டுதான் மொழிகளைக் கூடுதலாகக் கலந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கன்னடத்தில் ராஜ்குமாருக்கு வெகுகாலம் பின்னணி பாடியவர் பி. பி. ஸ்ரீநிவாஸ், தமிழில் ஜெமினி கணேசனுக்கும் அவரே. பிறந்தது காக்கிநாடா. ராபர்ட்சன்பேட்டைத் திரையரங்கில் முதன்முறை ராஜ்குமார் படம் பார்த்தபோது அப்பாவுக்கு ஏழெட்டு வயது இருக்கும். ராஜ்குமார் வாயசைக்க ஜெமினியின் குரல் வருகிறதே என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டிருக்கிறார். எதிர்வரிசைக் கன்னடக்காரர் திரும்பிப் பார்த்து, “நம்ம ராஜ்குமார் குரல்தான் உங்க ஜெமினிக்கு வருது” என்றாராம். பி. சுசீலா, எஸ். ஜானகி, எஸ். பி. பாலசுப்ரமணியம் மூவரும் தெலுங்கு வீடுகளில் பிறந்தவர்கள், எம். எஸ். விஸ்வநாதன் பாலக்காட்டு மலையாளி. ‘தமிழ்ப்பாட்டு’ என்று நாம் சொல்வதில் தமிழ் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை முதுகலை முதலாண்டில் வகுப்பில் எழுப்பினேன். பேராசிரியர் வேறு தலைப்புக்குப் போய்விட்டார்.

பள்ளி முடித்து வேலைக்குக் காத்திருந்த ஆண்டுகளில் அப்பா ஒரு சவுண்ட் சர்வீஸில் கையாளாக இருந்தார். கல்யாணம், காதணி, கோயில் திருவிழா, சர்ச் பண்டிகை, தேர்தல், சாவு: எல்லாவற்றுக்கும் மைக் செட். வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவது, தட்டை மாற்றுவது, ஊசி தேய்ந்துவிட்டதா என்று விரல்நுனியால் பார்ப்பது இவருடைய பொறுப்பு. பாட்டு வரிசைக்கு எழுதப்படாத இலக்கணம் உண்டு. இந்து வீட்டு விசேஷம் என்றால் முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. பிறகு பக்திப்பாடல்கள்; மாப்பிள்ளை வீட்டார் இறங்கும் நேரத்தில் எம்ஜிஆர்; பந்தி தொடங்கியபின் காதல் பாட்டு; சாப்பாடு முடியும் வேளையில் இந்தி. இந்தி எதற்கென்றால், அந்நேரம் யாரும் சொற்களைக் கவனிக்கமாட்டார்கள். கையாள் தனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். சாவு வீட்டில் தத்துவப் பாட்டுகள் மட்டும். ஒரு சாவு வீட்டில் தவறான தட்டைப் போட்டுவிட்டு ஓடிய முதலாளியின் கதையை அப்பா நூறுமுறை சொல்லியிருக்கிறார். அது இங்கே வேண்டாம்.

1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அப்பாவுக்குப் பதினேழு. இளையராஜாவைப் பற்றி ஏற்கெனவே எழுதிக் குவித்திருக்கிறார்கள்; நான் சேர்க்கவேண்டியது ஒன்றுமில்லை. அப்பா சொன்ன ஒன்றை மட்டும் பதிவுசெய்கிறேன்: அந்தத் தட்டைப் போட்டபோது, வழக்கமாகப் பாட்டுக்குத் திரும்பியும் பார்க்காத பாட்டிமார்கள் பந்தியிலிருந்து எழுந்து வந்து, “இது யாரு பாடினது, எந்த ஊர்க்காரி?” என்று கேட்டார்களாம். திரைப்படத்தில் வந்த பாட்டு என்பதையே அவர்கள் நம்பவில்லை.

இனி நோட்டுக்கு வருகிறேன். திரையரங்க வாசலில் சில பைசாக்களுக்குப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதைச்சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். தமிழ், கன்னடம், தெலுங்குப் பாட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. இந்திப் பாட்டு தமிழ் எழுத்தில் கிடைக்கவில்லை. எனவே அப்பா தாமே ஒன்றைத் தயாரித்தார். பழுப்பேறிய கோடுபோட்ட நோட்டு, நாற்பது பக்கங்கள் முழுக்க இந்திப் பாட்டு, தமிழ் எழுத்தில். ‘ஆராதனா’வில் தொடங்குகிறது, ‘பாபி’யில் வேகமெடுக்கிறது. அப்பாவுக்கு இந்தி தெரியாது. தெரிந்த சொற்களுக்கும் அவர் கொண்ட பொருள் அவருடையது. ‘தில்’ என்றால் நம் ஊர்ப்பேச்சில் துணிச்சல் அல்லவா. இந்திக் காதலர்கள் அத்தனை பேரும் ஓயாமல் தங்கள் துணிச்சலைப் பற்றியே பாடுகிறார்கள் என்று அவர் பல ஆண்டுகள் எண்ணியிருந்தார். அந்த வாசிப்பில் ‘பாபி’ இன்னும் நல்ல படம் என்பது என் கருத்து.

ஒலியனியல் படித்த பிறகுதான் அந்த நோட்டின் அருமை எனக்குப் புலப்பட்டது. தமிழில் க ஒன்றே. இந்தியில் அந்த இடத்தில் நான்கு. அப்பா சில எழுத்துகளின் கீழே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்திருந்தார். ‘கனத்த’ ஒலிக்குக் கோடு, ‘லேசான’ ஒலிக்குக் கோடில்லை என்பது அவர் விளக்கம். நூற்றுக்கணக்கான கோடுகளை ஓர் அட்டவணையில் இட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ எல்லாமே சொல்லின் முதலெழுத்தில் வருகின்றன. உயிர்களுக்கு இடையிலும் மெல்லினத்துக்குப் பின்னும் வரும் அதே ஒலிகளுக்குக் கோடு கிடையாது. ஏன் என்றால், அங்கே தமிழ் வாய் தானாகவே அவற்றைக் குழைத்து ஒலிக்கும், குறிப்பு தேவையில்லை. மாறாக, இந்தியில் சொல்லிடையே வல்லொலியாக நிற்கவேண்டியதை அவர் இரட்டித்து எழுதியிருக்கிறார்: ‘பத்தா’, ‘ஆக்காஷ்’. தமிழ் வல்லினங்களின் மாற்றொலி விதி முழுவதும், யாரும் கற்பிக்காமல், அந்தச் சிவப்புக் கோடுகளில் இருக்கிறது. மூச்சொலிகளை மட்டும் அவர் முற்றாகத் தள்ளுபடி செய்துவிட்டார். வடசொல்லைத் தமிழெழுத்தால் எழுதச் சொன்ன தொல்காப்பியர் வழக்கில் இதைக் குறை சொல்ல இடமில்லை.

இன்னும் ஒன்று. இந்தியின் மூக்கொலி உயிர்களுக்குத் தமிழில் எழுத்தில்லை. அப்பா ‘மைன்’, ‘ஹூன்’ என்று இறுதியில் ன் போட்டு முடித்துவிட்டார். படித்த ஒருவர் இதைப் பார்த்தால் திருத்தத் துடிப்பார். ஆனால் ‘நான்’ என்பதையும் ‘மரம்’ என்பதையும் நாம் பேசும்போது எப்படி ஒலிக்கிறோம்? இறுதி மெய் மறைந்து உயிர் மூக்கில் ஏறுகிறது. தம் பேச்சுத்தமிழ் விதிப்படி அப்பா ‘மைன்’ என்பதைப் படித்தால் மிகச்சரியான இந்தி ஒலி வந்து நிற்கும். டெல்லியிலிருந்து வந்த என் அறைத்தோழிக்கு அவர் பாடிய பழைய பதிவொன்றைப் போட்டுக் காட்டினேன். எந்த ஊர் இந்திக்காரர் என்று கேட்டாள்.

1981இல் அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. பதிவுக்கடையில் பட்டியல் கொடுத்து அறுபது நிமிட கேசட்டில் பாட்டு நிரப்பி வாங்கும் காலம். 1990இல் ஆம்பூரிலிருந்து அம்மாவை மணந்தபோது அவர் அளித்த முதல் பரிசு அப்படியொரு கேசட். “ஒரு பக்கம் தமிழ். மறுபக்கம் முழுக்க இந்தி. எனக்கு ஒரு எழுத்து புரியல. யாருக்குப் போட்டாருன்னு கேட்டேன்” என்று அம்மா இன்றும் சொல்வார். அடுத்த ஆண்டு காவிரிக் கலவரம். அந்த டிசம்பரில் ஏதோ வேலையாகப் பெங்களூர் சென்றிருந்த அப்பா, திரும்பும் ரயிலில் பங்காருப்பேட்டை வரும்வரை ராஜ்குமார் பாட்டுகளை மெல்லப் பாடிக்கொண்டே வந்தாராம். பயத்தினாலா என்று கேட்டேன். “பயமும்தான். பாட்டும் நல்ல பாட்டு” என்றார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவர் மறுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. எனக்கு நான்கு வயது. அதன்பின் அப்பா இருபது ஆண்டுகள் மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரில் காவலாளியாக வேலை செய்தார். ஊரில் பாதிப்பேர் அந்த ரயிலில் இருந்தார்கள். நோட்டில் புதிய பாட்டு எதுவும் சேரவில்லை. பாடுவது மட்டும் நிற்கவில்லை.

2022இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் ஒருசேரப் போயின. மூளையின் இடப்புறம், புரோக்கா வகைப் பேச்சிழப்பு. நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் விளங்குகிறது. அவரால் சொல்ல முடியவில்லை. மருத்துவமனைப் படிவத்தில் ‘நோயாளியின் மொழி’ என்றொரு கட்டம் இருந்தது. நான் தமிழ் என்று எழுதினேன். பயிற்சிப் படங்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலுமே இருந்தன. ஐந்து வாரங்கள் அவர் வாயிலிருந்து வந்தது ‘த’ என்ற ஓரசை மட்டுமே. எல்லாவற்றுக்கும் அதுவே: தண்ணீர், வலி, கோபம், என் பெயர்.

ஆறாவது வாரம் பக்கத்துக் கட்டிலில் யாரோ கைப்பேசியில் ஒரு பழைய இந்திப் பாட்டைப் போட்டார்கள். அப்பா இரண்டாவது அடியில் சேர்ந்துகொண்டார். பல்லவி, சரணம், மீண்டும் பல்லவி. மூக்கொலிகள் உட்பட ஒரு சொல் பிசகவில்லை. அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்தது. “என்னங்க, தண்ணி வேணுமா?” என்று அம்மா கேட்டார். அப்பா “த” என்றார்.

இது நம் துறையில் பழைய செய்தி. பேச்சிழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களைப் பாடியதை ஓலோஃப் தாலின் சுவீடனில் 1745இலேயே குறித்துவைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹியூலிங்ஸ் ஜாக்சன், நாம் கருத்தைச் சொல்ல ஆக்கும் பேச்சும், மனப்பாடமாக உருண்டு வரும் பேச்சும் வேறுவேறு என்றார். வழிபாடு, எண்ணுவது, வசவு, பாட்டு எல்லாம் இரண்டாவது வகை. தேர்வுக்கு இதைப் பத்து மதிப்பெண் விடையாக எழுதியிருக்கிறேன். பொருள் தெரியாத ஒரு மொழியில் முந்நூறு சொற்கள் வருகின்றன. தாய்மொழியில் தண்ணீர் கேட்க வரவில்லை என்பதைக் கட்டிலருகே நின்று பார்ப்பது வேறு.

1973இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் மூவரும் ஒரு முறையை வெளியிட்டார்கள். அன்றாடத் தொடர்களை இராகம்போல் இழுத்துப் பாடச் செய்வது, இடக்கையால் தட்டவைப்பது, பிறகு மெல்ல மெல்ல இராகத்தை உருவிவிடுவது. உதவுவது மெட்டா, தாளமா, பழகிய தொடர் என்பதா என்ற விவாதம் முடியவில்லை. 2011இல் ஷ்டால் குழுவினரின் ஆய்வு தாளத்துக்கும் பழக்கத்துக்கும் சாதகமாக வந்தது. எங்களுக்குக் கிடைத்த பேச்சுப் பயிற்சியாளர் மலையாளி, என் வயது, மிகுந்த பொறுமைசாலி. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசையை உயர்த்திப் பாடவேண்டும் என்பது அந்த முறையின் விதி. தமிழில் அப்படிப்பட்ட வலுவான சொல்லழுத்தம் இல்லையே, எதை உயர்த்துவது என்று இருவரும் யோசித்தோம். கடைசியில் பள்ளியில் அலகிட்டுப் பழகிய நேரசை நிரையசையையே எடுத்துக்கொண்டோம். ‘தண்ணி வேணும்’: நேர்நேர், நேர்நேர், தேமா, தேமா. நான்கு தட்டு. ‘காப்பி குடு’: நேர்நேர், நிரை, மூன்று தட்டு. யாப்பருங்கலக்காரிகை இப்படியொரு வேலைக்குப் பயன்படும் என்று அமிதசாகரர் எண்ணியிருக்கமாட்டார். இது ஆய்வு அல்ல. ஒரே ஒரு நோயாளி, ஒப்பீட்டுக் குழு இல்லை. யாரும் மேற்கோள் காட்டவேண்டாம்.

சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. தாளத்தோடு மெட்டும் வேண்டும்; அப்பாவுக்கு நன்கு பழகிய மெட்டாக இருந்தால் நல்லது. நோட்டிலிருந்து அவருக்கு மிகவும் பிடித்த பாட்டைத் தேர்ந்து, அதன் பல்லவியில் ‘மருந்து வேணும்’ என்பதைப் பொருத்திப் பாடிக்காட்டினேன். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உடல்நிலை என்று நினைத்தோம். மறுநாள் வேறொரு பாட்டு, மீண்டும் சுவர். ராஜ்குமார் மெட்டில் ‘பாத்ரூம் போகணும்’ வந்தபோது இடக்கையால் என் வாயைப் பொத்தினார். அந்தப் பாட்டுகள் மருந்துக்கும் மலத்துக்கும் ஆனவையல்ல என்று அவர் சொல்வது எங்களுக்கு விளங்கச் சில நாட்கள் ஆயின. பயிற்சியாளர் இதை ‘ஒத்துழைப்பின்மை’ என்று குறிப்பேட்டில் எழுதவில்லை. அவருக்கு என் நன்றி. ரசனை என்று எழுதவும் அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பிறகு எதிர்த்திசையில் போனோம். சவுண்ட் சர்வீஸ் காலத்தில் கல்யாண வீட்டார் வற்புறுத்தி அவரை ஓயாமல் போடவைத்த ஒரு பாட்டு உண்டு. அவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. எந்தப் பாட்டு என்று சொல்லமாட்டேன். அதை உயிராக நேசிப்பவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பார்கள். அந்த மெட்டில் எதை வைத்தாலும் அவருக்கு ஆட்சேபம் இல்லை. தண்ணி, காப்பி, மருந்து, பாத்ரூம், மின்விசிறி எல்லாம் அந்த ஒரே மெட்டில் ஏறின. எட்டு மாதங்களில் ஏறக்குறைய இருபது தொடர்கள் வந்தன. சிலவற்றில் மெட்டு உதிர்ந்துவிட்டது. சிலவற்றில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காப்பி கேட்கும்போது எங்கள் வீட்டில் இன்றும் கல்யாணக் களை.

விடுமுறை முடிந்து நான் ஹைதராபாத் திரும்பியபின் அம்மா பயிற்சியை ஏற்றுக்கொண்டார். அம்மா சுருதியைப் பொருட்படுத்துபவர் அல்லர். தினமும் மாலை ஐந்து மணிக்கு அப்பாவின் இடக்கையைத் தம் தொடைமேல் வைத்துத் தட்டிக்கொண்டு அந்தப் பாட்டைத் தொடங்குவார். நான் காணொளி அழைப்பில் பார்த்துக்கொண்டிருப்பேன். சென்ற ஏப்ரலில் ஒருநாள் அம்மா பல்லவியை முடித்து மூன்றாவது முறையாக எடுத்தபோது, அப்பா கையை உருவிக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார். உதடு இருமுறை கூடிப் பிரிந்தது. மெட்டில்லாமல், தட்டில்லாமல், நாங்கள் யாரும் கற்றுக்கொடுக்காத இரண்டு சொற்கள் வந்தன.

“வேற பாட்டு.”

அம்மா கேட்கவில்லை. சரணம்வரை பாடி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.